டொராண்டோவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் சுகம்தானே? இங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. தெருவெல்லாம் பனி.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் கிறிஸ்துமஸ் விருந்து முடிந்தது. சமையலறையில் தட்டுப் போடுவது என் பொறுப்பு. சர்க்கரை உள்ளவர்களுக்கென்று தனிப் பந்தி கிடையாது; அதே மேசை, அதே விருந்துதான். தட்டில் பாதி பீன்ஸ், கேரட், குட்டி முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும் களைக்கோசு. கால்வாசி வான்கோழிக் கறி. மசித்த உருளைக்கிழங்கு மீதிக் கால்வாசியில்தான். ஒரு பாட்டி பழக் கேக் கேட்டார். உருளைக்கிழங்கில் பாதியை எடுத்துவிட்டு, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வைத்தோம். இரண்டு மணி நேரம் கழித்து நர்ஸ் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்தபோது 8.4 இருந்தது. இங்கே அளக்கும் அலகு வேறு, அப்பா. 18 ஆல் பெருக்கினால் நம் கணக்குக்கு 151 வரும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 180-க்குள் இருந்தால் பொதுவாக நல்லது என்கிறார்கள்.

அந்தப் பாட்டி கேக்கை ரசித்துச் சாப்பிட்டபோது உங்கள் ஞாபகம்தான். தீபாவளியன்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மத்தியானம் அதிரசமும் சுசியமும் சாப்பிடத்தானே போகிறோம் என்று காலை இட்லியைத் தொடாமலே இருந்தீர்களாம். பதினோரு மணிக்குச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியதாம். அம்மா போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. தயவுசெய்து இனி அப்படிப் பட்டினி கிடக்காதீர்கள்.

பட்டினி போட்டுச் சர்க்கரையை அடக்குவது ஒரு காலத்தில் வைத்தியமாகவே இருந்திருக்கிறது. இதே டொராண்டோவில் 1921-ல் பான்டிங், பெஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் இன்சுலினைக் கண்டுபிடிக்கும் வரை, சர்க்கரை வந்த பிள்ளைகளைக் கிட்டத்தட்டப் பட்டினி போட்டுத்தான் கொஞ்ச நாள் உயிரோடு வைத்திருந்தார்கள். 1922 ஜனவரியில் முதல் ஊசி போட்டுக்கொண்ட பையனுக்கு வயது 14. எலும்பும் தோலுமாக இருந்தானாம். அவர்கள் ஆராய்ச்சி செய்த பல்கலைக்கழகத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அவன் நினைப்பு வரும்.

பொங்கலுக்கு என்ன செய்வது என்றுதானே கேட்பீர்கள்? காலையில் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். மத்தியானம் அவரை, மொச்சை, கத்தரிக்காய் போட்ட குழம்பையும் பொரியலையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, சோற்றைக் கடைசியில் வைத்துக்கொண்டால் சர்க்கரை சட்டென்று ஏறாது. சர்க்கரைப் பொங்கல் சாமிக்குப் படைத்ததில் ஒரு சின்னக் கரண்டி, அதுவும் சோற்றைக் குறைத்துக்கொண்டு. வெல்லம்தானே, கருப்பட்டிதானே, ஒன்றும் செய்யாது என்று பெரியப்பா சொல்வார். அதை மட்டும் கேட்காதீர்கள், அவையும் சீனி மாதிரியே சர்க்கரையை ஏற்றும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேண்டுமானால் அன்றைக்குச் சோற்றில் அந்த அளவைக் குறைத்துவிடுங்கள். கரும்பைக் கடித்துக்கொண்டே உட்கார வேண்டாம், ஒரு சின்னத் துண்டோடு சரி. சாப்பிட்டதும் படுக்காமல் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம், அலங்காநல்லூர். அத்தை வீட்டு மாடியில் ஜல்லிக்கட்டுப் பார்க்க விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவீர்கள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு போகவே கூடாது. அம்மாவிடம் இட்லிப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். நடுக்கமோ படபடப்போ வந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் மெஷினில் சர்க்கரையைப் பாருங்கள். குறைந்தே இருந்தால் மறுபடி குடியுங்கள். மாத்திரை அளவை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பண்டிகைக்கு முன்பே டாக்டரைப் பார்த்து, தீபாவளியன்று நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பொங்கலன்று ராத்திரி வீடியோவில் கூப்பிடுகிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் எவ்வளவு, இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு என்று காலண்டரில் எழுதி வையுங்கள், கேட்பேன். மெஷினில் வைக்கும் ஸ்ட்ரிப் தீர்ந்திருந்தால் தம்பியிடம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், பணம் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்