மாட்டின் கண்ணில் புகையிலைச் சாறு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் மாடு வளர்க்கும் குடும்பம் எங்களுடையது. மாட்டுக்குக் கண்ணில் தண்ணீர் வடிந்தால் புகையிலையை மென்று சாற்றைக் கண்ணுக்குள் துப்புவதும், உப்பைத் தூவுவதும் எங்கள் பக்கத்துத் தொழுவங்களில் இன்னும் நடக்கிறது. கேட்டால், "பூ விழுந்திருக்கு, இதுலயே சரியாயிரும்" என்கிறார்கள். அந்தக் கண்ணுக்குள் புழு இருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை.

தெலேசியா என்பது அந்தப் புழுவின் பெயர். வெள்ளை நூல் மாதிரி, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இமைக்கு அடியிலும், உள்மூலையில் இருக்கும் மூன்றாவது இமைக்குப் பின்னாலும் மறைந்து கிடக்கும். இதைப் பரப்புவது கண்ணீரையும் பீளையையும் தேடி வந்து மொய்க்கிற ஈ. ஒரு மாட்டின் கண்ணீரோடு புழுவின் குஞ்சையும் அது உறிஞ்சிக்கொள்கிறது. குஞ்சு ஈயின் உடம்புக்குள் சில வாரம் வளர்ந்து, அடுத்த மாட்டின் கண்ணில் ஈ உட்காரும்போது அங்கே இறங்கிவிடுகிறது. இந்தப் புழுவில் ஒரு வகைக்குத் தோல் முழுக்க ரம்பப்பல் போல வரி வரியாக இருக்கும். அது நெளிய நெளியக் கருவிழி கீறிப்போகும். மாடு வெளிச்சத்துக்குக் கண்ணை மூடிக்கொள்ளும், கண் வீங்கும், வெள்ளை படரும். கவனிக்காமல் விட்டால் புண்ணாகிப் பார்வையே போகலாம். அப்படிக் கீறிப்போன கண்ணில் புகையிலைச் சாற்றை விட்டால் வாயில்லாச் சீவன் என்ன பாடுபடும்! வீட்டில் மிச்சம் கிடக்கும் மனிதருக்கான சொட்டு மருந்தையும் விடக்கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் கருவிழிப் புண் இன்னும் மோசமாகும்.

சில மாடுகளுக்குக் கண்மணிக்கு முன்னால், உள்ளேயே ஒரு புழு நீந்துவது தெரியும். அது வேறு. செட்டேரியா என்று பெயர், கொசுவால் வருவது. வயிற்றறையில் இருக்க வேண்டியது வழிதவறிக் கண்ணுக்கு வந்துவிடுகிறது. எவ்வளவு கழுவினாலும் வராது, மருத்துவர் மரக்க ஊசி போட்டுச் சின்ன அறுவை செய்துதான் எடுக்க வேண்டும். தெலேசியாவை அப்படியில்லாமல் கண்ணை மரக்கச் செய்து இடுக்கியால் எடுத்துவிடலாம், ஐவர்மெக்டின் போன்ற ஊசியும் கேட்கும். ஆனால் கறவை மாடு என்றால் ஊசிக்கு முன்பே சொல்லி, எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் வசதி இருந்தும் மாடுகள் கண்ணை இழப்பது எனக்குத் தாங்கவில்லை.

பிசான நெல் பருவத்து வடகிழக்கு மழையில் தொழுவம் சேறும் சாணியுமாகக் கிடந்து ஈ மொய்க்கும். சாணியை அன்றன்றைக்கு அள்ளி, எருக்குழியை மூடி வைத்தாலே ஈ பாதி குறையும். அப்புறம், கால்நடை முகாம்களில் குடற்புழு மருந்து கொடுக்கிறார்கள், சினை ஊசி போடுகிறார்கள். அங்கே வரும் ஒவ்வொரு மாட்டின் இமையையும் தூக்கிப் பார்க்கத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். உங்கள் விவசாயப் பக்கத்திலும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, இரண்டு புழுவும் கண்ணில் எப்படித் தெரியும் என்று படத்தோடு போடுங்கள். வெட்டி எடுத்து எங்கள் ஊர் பால் சொசைட்டியில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.