மேடைக்கு ஒரு நல்ல எர்த் தாருங்கள்

மதிப்பிற்குரிய மண்டப நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். 'ஒரு குழுவுக்கு ஒரு அம்ப் மட்டும்' என்று மேடைக் கதவில் ஒட்டியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் மேடையில் ஒரே கிற்றாரை இரண்டு அம்பில், அதாவது கிற்றார் ஒலியைப் பெருக்கும் பெட்டியில், சேர்த்ததும் 'ம்ம்ம்' என்று இரைந்தது. மண்டப ஊழியர் ஒரு பிளக்கைக் கழற்றி, கசியும் கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகும் எர்த் வயரை வெட்டிவிட்டார். இரைச்சல் நின்றது. கிற்றார் வாசித்தபடி பாடியவரின் உதட்டில் மைக் கரண்ட் அடித்த விஷயம் மட்டும் உங்கள் அறிவித்தலில் இல்லை.

கிற்றார் தந்திகள் கேபிள் வழியாக அம்பின் உலோக உடம்போடு இணைந்தவை. அந்த உடம்புக்கு எர்த் இல்லை, மைக்குக்கு மிக்சர் வழியாக எர்த் உண்டு என்றால், கரண்டுக்குப் பாலம் பாடுகிறவரின் வாய்தான். அதுவும் கண்ணாடி வால்வுகளில் ஓடும் வால்வ் அம்புக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும்.

இரண்டு அம்ப் ஆடம்பரம் இல்லை, ஐயா. இருப்பதை வைத்துப் புது ஒலி எடுக்கிற வழி. ஒன்றில் கெயினை, அதாவது ஒலியை முறுக்கிக் கரகரப்பாக்கும் திருகை, குறைத்துச் சுத்தமாக வைத்தால் தந்தியில் விழும் அடி தெளியும். மற்றதில் கெயினைக் கூட்டி, பாஸைக் குறைத்து, மிட்டை ஏற்றினால் அந்த அடிக்குப் பின்னால் தடிப்பு வந்து நிற்கும். சேர்த்ததும் பாஸ் காணாமல் போனால் ஃபேஸ் எதிரெதிராக இருக்கிறது, ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரு அம்பின் ஸ்பீக்கரில் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பூட்டினால் சரி. இரண்டு அம்பின் ஸ்பீக்கர் வெளியீடுகளை ஒன்றாக இணைப்பது மட்டும் கூடவே கூடாது, அம்ப் எரிந்துவிடும்.

இரைச்சலுக்கு வருவோம். ஒவ்வொரு அம்பையும் தனியாகப் போட்டால் அமைதி, சேர்த்தால் இரைச்சல் என்றால் அது எர்த் வளையம். ஒன்று மேடையின் இடப்பக்கப் பிளக் பொயின்றிலும் மற்றது வலப்பக்கத்திலும் செருகப்பட்டு, இரண்டின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லாதபோது, கிற்றார் கேபிளின் ஷீல்ட், அதாவது உள்வயரைச் சுற்றிய கம்பி வலை, வழியாக மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் சுற்றுகிறது. இரண்டையும் ஒரே பொயின்றில் இருந்து எடுக்க வேண்டும். மிச்சம் இருந்தால், ஒலியைப் பிரிக்கும் பெட்டியில் ஒரு பக்கத்துக்கு, நேரடி வயர்த் தொடர்பில்லாமல் ஒலியை மட்டும் கடத்தும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்போமர் போட வேண்டும். வெட்ட வேண்டியது சிக்னல் பக்கத்து இணைப்பு, மின்சாரத்து எர்த் அல்ல.

இடப்பக்கப் பொயின்றை ஒருமுறை போய்ப் பாருங்கள். எர்த் ஓட்டைக்குள் உடைந்த பேனா மூடி இருக்கிறது, இரண்டு பின் பிளக்கைத் திணிக்க யாரோ குத்தியது. உள்ளே முனை உப்புக் காற்றில் பச்சை பிடித்துக் கிடக்கிறது. வெளியே எர்த் கம்பி நிற்பதோ வெறும் மணலில். கச்சான் காற்று வீசி மணல் காய்ந்தால் அது இருந்தும் இல்லாததுதான்.

'லோட் தாங்காது' என்றும் சொன்னீர்கள். 50 வாட்ஸ் வால்வ் அம்ப் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 300 வாட்ஸ் இழுக்கும். ஒரு 13 அம்பியர் பொயின்ற் கிட்டத்தட்ட 3000 வாட்ஸ் தாங்கும். பிரதம விருந்தினருக்குத் தேநீர் வைக்கும் கேத்தல் ஏழு மடங்கு குடிக்கிறது. அதற்கு அறிவித்தல் ஒட்டவில்லை. திரைச்சீலைக்கும் செங்கம்பளத்துக்கும் கிடைத்த பணம் ஒரு செப்புக் கம்பிக்குக் கிடைக்காதா? சரி, அது உங்கள் கணக்கு.

நாங்கள் கேட்பது ஒன்றே: மேடைக்கு ஒரு நல்ல எர்த். தனி லைன், நான்கு பொயின்ற், கரண்ட் கசிந்தால் தானே நிறுத்தும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். எர்த்தை மழைக்கு முன்பே அளக்கச் சொல்லுங்கள். மாரியில் அளந்தால் மோசமான எர்த்தும் நல்லதாகத் தெரியும். அது முடிந்ததும் அந்த அறிவித்தலைக் கழற்றிவிடும்படி பணிவுடன் வேண்டுகிறோம். வெட்டிய பிளக் எங்களிடம் இருக்கிறது. கூட்டத்துக்கு அழைத்தால் கொண்டுவருகிறோம்.

இங்ஙனம்,
திருகோணமலையில் கிற்றார் வாசிப்போர் சிலர்