கிடைக்காத சிக்னலுக்கு அபராதமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு வருட ஒப்பந்தத்தில் செல்போன் இணைப்பு வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வீட்டுக்குள் பேசவே முடிவதில்லை. அம்மாவுக்கு மூச்சுத் திணறிய இரவில் டாக்டரை அழைக்க மாடிக்கு ஓடினேன். ஒரு கோடு வரும், காதில் வைத்ததும் போய்விடும். அந்தப் பத்து நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை.

போன் செட்டிங்ஸில் சிக்னல் அளவைப் பார்த்தேன். வாசலில் மைனஸ் 97 டிபிஎம், அம்மாவின் அறையில் மைனஸ் 118. எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கத்தான் சிக்னலுக்குப் பலம். சிக்னல் எங்கெங்கே கிடைக்கும் என்று காட்டும் நிறுவனத்தின் வரைபடமோ எங்கள் தெருவை முழுப் பச்சையாகக் காட்டுகிறது. இப்படிப்பட்ட வரைபடங்கள் பெரும்பாலும் கணினிக் கணிப்புதான். கான்கிரீட் சுவருக்குள் என்ன நடக்கிறது என்பது அதில் தெரியாது.

நான்கு முறை புகார் கொடுத்தேன். சிம் மாற்றியாச்சு, வேறு போனிலும் போட்டுப் பார்த்தாச்சு. வீட்டு இணையம் வழியாகப் பேசும் வைஃபை காலிங் பயன்படுத்தச் சொன்னார்கள். சரி, கரண்ட் போனால் ரவுட்டரும் அணைந்துவிடுமே, அப்போது?

விலகுகிறேன் என்றால் மீதி 16 மாதக் கட்டணத்தையும் கட்டச் சொல்கிறார்கள். போனுக்குப் பாக்கியிருக்கும் தவணையைக் கேட்கட்டும், கட்டுகிறேன், அது நியாயம். தராத சேவைக்கு எதற்குப் பணம்? எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரிசெய்யவில்லை என்றால் அபராதமின்றி விலகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி