முன்பணம் வாங்கினால் கணக்குச் சொல்ல வேண்டும்

ஐயா,

என் மகனும் அவனுடைய கோவை கல்லூரி நண்பர்களும் இன்னும் உருவாகாத வீடியோ கேம்களுக்கு இணையத்தில் பணம் கட்டுகிறார்கள். பாக்கெட் மணிதான், ஆனாலும் மனசு பதறுகிறது.

2013-ல் ‘மைட்டி நம்பர் 9’ விளையாட்டுக்கு, பொதுமக்களிடம் முன்பணம் திரட்டித் தரும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் 38 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. பலமுறை தள்ளிப்போய் 2016-ல்தான் வந்தது. அப்புறமும், சொன்ன பிஎஸ் வீட்டா, 3டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிகளுக்கான பதிப்புகள் வரவே இல்லை. கிக்ஸ்டார்ட்டரோ பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பை ஏற்பதில்லை. வாக்குக் கொடுத்தவர்கள்தான் தர வேண்டும்.

ஈரோட்டுப் பக்கம் சீட்டில் சேரும்முன் நடத்துபவரைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்போம். இதற்கும் அந்த விசாரிப்பு வேண்டும். புது விளையாட்டைப் பற்றி எழுதும்போது, அதைச் செய்பவர்கள் முன்பு எதை முடித்துக் கொடுத்தார்கள் என்றும் தயவுசெய்து எழுதுங்கள்.

- ஒரு வாசகர், பெருந்துறை