எல்.சி. வந்த அன்றே படிக்க வேண்டிய வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிதாக ஏற்றுமதியில் இறங்குவோருக்காக வெளியான கட்டுரையில், ‘எல்.சி. கைக்கு வந்துவிட்டால் பணத்துக்குக் கவலையில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) என்பது, கேட்ட ஆவணங்களைச் சரியாகக் கொடுத்தால் ஏற்றுமதியாளருக்குப் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம். வங்கியில் எல்.சி. ஆவணங்களைச் சரிபார்ப்பதையே வேலையாகச் செய்து ஓய்வுபெற்ற எனக்கு, இதை அப்படியே விட மனம் வரவில்லை.

வங்கி சரக்கைப் பார்ப்பதே இல்லை. காகிதத்தை மட்டும்தான் பார்க்கும். 2007 முதல் நடைமுறையில் இருக்கும் யு.சி.பி. 600 என்ற, எல்.சி.க்கான சர்வதேச விதிகளின் 5-வது பிரிவே இதைச் சொல்கிறது. இன்வாய்ஸில் தவறு இருந்தால், கெடு முடிவதற்குள் திருத்திக் கொடுத்துவிடலாம். நான் பயப்படுவது எல்.சி.யில் வரும் வேறொரு வரிக்கு: ‘வாங்குபவரின் பிரதிநிதி கையெழுத்திட்ட ஆய்வுச் சான்றிதழ் வேண்டும், கையெழுத்து எங்களிடம் உள்ள மாதிரியோடு பொருந்த வேண்டும்.’ ஏதோ தரப் பரிசோதனை என்று பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உண்மையில், பணம் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவை வாங்குபவரிடமே ஒப்படைக்கிற வரி இது.

ஓர் ஏற்றுமதியாளர் கொண்டுவந்த ஆவணக் கட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) ஒரு குறையும் இல்லை, இன்வாய்ஸ் எழுத்துக்கு எழுத்து சரி. அந்தச் சான்றிதழ் மட்டும் இல்லை. சரக்கு கப்பலேறியபின் சந்தையில் விலை இறங்கிவிட்டது. கையெழுத்துப் போட வேண்டியவர் போனையே எடுக்கவில்லை. எல்.சி. திறந்த வங்கி பணம் தர மறுத்தது. விதிப்படி அது சரிதான். பெரிய தள்ளுபடி கொடுத்த பிறகே அவருக்குப் பணம் வந்தது.

டிமாண்ட் கேரண்டியிலும், அதாவது வேலையை ஒப்புக்கொண்டவர் சார்பில், கேட்டால் பணம் தருவதாக வங்கி எழுதித் தரும் உத்தரவாதத்திலும், இதே தத்துவம்தான், ஆனால் அங்கே சிக்குவது அந்த வேலையை ஒப்புக்கொண்டவர். இத்தகைய உத்தரவாதங்களுக்கான யு.ஆர்.டி.ஜி. 758 என்ற சர்வதேச விதிப்படி, பயனாளி (உத்தரவாதத்தைப் பெற்றவர்) ‘இந்த வகையில் ஒப்பந்தம் மீறப்பட்டது’ என்று எழுதித் தர வேண்டும். அது உண்மையா என்று வங்கி விசாரிக்காது. தெளிவான மோசடி என்று காட்டினால் ஒழிய நீதிமன்றமும் லேசில் தலையிடாது. 1941-இல் நியூயார்க்கில் நடந்த ஸ்டெய்ன் வழக்கில், விலங்கு முடிக்குப் பதில் பெட்டிகளில் குப்பையை அடைத்து அனுப்பியதாகப் புகார். அந்த அளவுக்கு இருந்தால்தான் பேச்சு.

எல்.சி. வந்த அன்றே, உற்பத்தியைத் தொடங்கும் முன், இந்த மாதிரி வரியைத் தேடுங்கள். சான்றிதழை இருவருக்கும் பொதுவான ஆய்வு நிறுவனம் தரும்படி அமெண்ட்மெண்ட் (எல்.சி.யில் திருத்தம்) கேளுங்கள். சரக்கு போன பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள். அடுத்த கட்டுரையில் இந்த வரியை அப்படியே அச்சிட்டு வாசகர்களுக்குக் காட்டுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்