பாசி எடுக்கிற கைக்குத் தையல் சான்றிதழ் எதற்கு?

மத்திய தொழிலாளர், வேலைவாய்ப்பு அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் பாம்பன், மண்டபம் பக்கம் மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவள். 2025 அக்டோபரில் நீங்கள் வெளியிட்ட ‘ஷ்ரம் சக்தி நீதி 2025’ என்ற தேசியத் தொழிலாளர், வேலைவாய்ப்புக் கொள்கை வரைவைப் பற்றித்தான் இந்த மடல். வேலை தேடுகிறவரையும் கொடுக்கிறவரையும் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்தில் சேர்த்து வைத்துவிடலாம் என்று அதில் பெரிய நம்பிக்கை வைத்திருக்கிறீர்கள். சரி, முதலாளி என்று ஒருவர் இருக்கிற தொழிலுக்கு அது உதவும். எங்கள் குழுக்களில் பெரும்பாலான பெண்களுக்கு முதலாளி கிடையாது. அவர்கள் கடலில் பாசி எடுக்கிறவர்கள்.

அது எப்படிப்பட்ட வேலை என்று சொல்லிவிடுகிறேன். வல்லத்தில், அதாவது நாட்டுப் படகில், ஏறித் தீவுப் பக்கம் போக வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்து, கட்டைக்கோரை என்ற கடல்பாசிகளைக் கையால் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். மறுபடி முங்க வேண்டும். பாறை கிழிக்காமலிருக்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொள்வார்கள். அப்படியும் கிழிக்கும்.

இந்தப் பெண்கள் சிலரை ஒரு பயிற்சி மையத்தில் தையல் வகுப்புக்குச் சேர்த்தார்கள். வருகைப் பதிவுக்குக் கைரேகை வைக்கச் சொன்னால், இயந்திரம் எடுக்கவே இல்லை. "கைய நல்லாத் துடைச்சுட்டு வைங்கம்மா" என்று அங்கிருந்த தம்பி திரும்பத் திரும்பச் சொன்னான். துடைத்தால் வருகிற ரேகையா அது? பல வருஷமாகப் பாறையில் தேய்ந்து போனது. ரேகை விழாத நாளெல்லாம் வராத நாள் என்று கணக்காகிவிட்டது.

ரேகை விழுந்தவர்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அப்புறம்? தைத்துக் கொடுக்கத் தெருவுக்கு இரண்டு பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள். எல்லாரும் பழையபடி கடலுக்குத்தான் போகிறார்கள். 2018-ல் எங்கள் ராமநாதபுரத்தை முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்றாகச் சேர்த்தீர்கள். திறன் மேம்பாடும் அதன் இலக்குகளில் வருகிறது. இலக்கு வந்தால் எண்ணிக்கை வேண்டும், எண்ணிக்கைக்குத் தையலும் அழகுக்கலையும்தான் சுலபம். கடலைச் சுற்றி ஒரு பாடம் எழுத மெனக்கெட வேண்டியிருக்குமே!

கடல் சார்ந்த பயிற்சியே இல்லை என்று நான் சொல்லவில்லை. மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கச் சொல்லித் தருகிறார்கள், நல்ல தொழில்தான். பெப்சி நிறுவனம் இங்கே பரப்பிய பாசி என்பதால் இன்னமும் பெப்சிப் பாசி என்றுதான் ஊரில் பேச்சு. ஏறக்குறைய 45 நாளில் அறுவடை. ஆனால் அந்தப் பாசி பவளப் பாறைமேல் படர்ந்து மூடிவிடும் என்பதால் மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி வளர்க்க அனுமதி இல்லை. 1986-லேயே தேசியப் பூங்காவான 21 தீவுகள் அவை, காக்கத்தான் வேண்டும். அப்படியானால் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, பக்கத்துப் பெண் பயிற்சி முடித்து மிதவையை எங்கே போடுவாள்? வடகடலான பாக் விரிகுடாவில் ஒரு இடமும், போய்வர வண்டிக் காசும் சேர்த்துக் கொடுத்தால்தான் அந்தப் பயிற்சிக்கு அர்த்தம். ஒரு துறை சொல்லிக் கொடுக்கிறது, இன்னொரு துறை தடுக்கிறது. இரண்டு துறையும் ஒரு மேசையில் உட்கார்ந்ததாக எங்களுக்குத் தெரிந்து இல்லை.

2023-ல் வலமாவூரில் கடல்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினீர்கள். அங்கே தரம் பிரிக்க, உலர்த்த, பரிசோதிக்க ஆள் வேண்டியிருக்கும். கையில் எடுத்ததுமே எது நல்ல சரக்கு, எதில் மண் கலந்திருக்கிறது என்று சொல்கிற பெண்கள் இங்கே இருக்கிறார்கள். பழகித் தெரிந்த திறமைக்குச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு உங்கள் திறன் திட்டத்திலேயே இருக்கிறது. அதைப் பாசிக்கும் கருவாட்டுக்கும் கொண்டு வாருங்கள். பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் வாசலில் மாட்டிவிடாதீர்கள்.

அடுத்து, காசு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பயிற்சி வைக்கத் தோதான சமயம் என்று தோன்றும். வீட்டில் வருமானம் நின்றுபோன அந்த நாளில்தான் பெண் கிடைத்த கூலிக்கு ஓடுவாள். வகுப்பில் உட்கார வேண்டுமானால் அன்றைய கூலியைப் பயிற்சிப் படியாகக் கொடுங்கள். தடைக்காலத்தில் மீனவக் குடும்பத்துக்கும் மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளிக்கும் தமிழ்நாடு அரசு நிவாரணம் தருகிறது. வேலை இல்லாத மாதமும் தொழிலின் ஒரு பகுதி என்று மாநிலம் ஒப்புக்கொண்டுவிட்டது. உங்கள் கொள்கையும் ஒப்புக்கொள்ளட்டும்.

மண்டபம் முகாமில் இருக்கிற இலங்கைத் தமிழர் பிள்ளைகளையும் மறந்துவிட வேண்டாம். இங்கேயே பிறந்து பட்டம் வாங்கியும் குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் பெயின்ட் அடிக்கப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பயிற்சியைவிட முதலில் தேவைப்படுவது உள்துறையின் ஒரு கையெழுத்து.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 122-வது உடன்படிக்கையை, அதாவது வேலைவாய்ப்புக் கொள்கை உடன்படிக்கையை, 1998-ல் இந்தியா ஏற்றுக்கொண்டது. ஒருவர் தானாக விரும்பித் தேர்ந்தெடுக்கும் வேலை என்று அதில் இருக்கிறது. தையலை எங்கள் பெண்கள் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கு என்ன பயிற்சி என்று முடிவெடுக்குமுன் மண்டபத்தில் ஒரு கூட்டம் போடுங்கள், தமிழில். வனத்துறை, மீன்வளத்துறை ஆட்களையும் கூட்டி வாருங்கள். தேதியை எங்களிடம் கேட்டுவிட்டு வையுங்கள். நீர் வற்றுகிற நாளில் வைத்தால் பாசி எடுக்கிறவர்கள் யாரும் கரையில் இருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து ஒரு குழுக் கணக்காளர்