கண் இல்லாத எறும்புக்குக் கண் வரையலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் சிறுவர் இணைப்பில் ஆப்பிரிக்கக் காட்டுப் படை எறும்பைப் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. பிள்ளைகளுக்காக இப்படியொரு விஷயத்தை எடுத்துப் போட்டதற்கு முதலில் நன்றி. ஆனால் கூடவே வந்த படம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. உருட்டி விழிக்கும் இரண்டு பெரிய கண்கள், தேள் மாதிரித் தூக்கிய கொடுக்கு, காலடியில் யானையின் எலும்புக்கூடு, கீழே 'வீரன்' என்று பெயர். ஐயா, அந்த எறும்புக்குக் கண்ணே கிடையாது. கொடுக்கு உண்டு, ஆனால் அதை அது பயன்படுத்துவது அபூர்வம். அது வீரனும் இல்லை, பெண்.

மர வேலையில் காலம் தள்ளியவன் நான். சில வருடங்கள் கபோன் நாட்டில், ஒக்கூமே மரத்தை உரித்து வெனியர் என்னும் மெல்லிய மரத் தகடு எடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் தடி தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். மழை விட்ட மறுநாள் காலையில் தடி அடுக்கியிருக்கும் யார்டின் குறுக்கே இந்த எறும்புகள் சாரி சாரியாகப் போகும். பிரெஞ்சு பேசும் அந்த ஊரில் இவற்றை 'மன்யான்' என்பார்கள். மரத்தின் துளைகளைப் பார்த்து இனம் கண்டுபிடிக்க, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். அதே லென்ஸில் இவற்றையும் பார்த்திருக்கிறேன்.

பெரிய வேலைக்கார எறும்பு ஒரு சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். கருஞ்சிவப்பு. உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குத் தலை பெரிது. கண் இருக்க வேண்டிய இடத்தில் லென்ஸை வைத்து எவ்வளவு நேரம் தேடினாலும் வழவழப்பான, மினுங்கும் ஓடுதான் தெரியும். கண் இருந்து மறைந்ததற்கான பள்ளமோ புள்ளியோ எதுவும் தட்டுப்படாது. உணர்கொம்புகள் இரண்டும் தலையின் முன் விளிம்பை ஒட்டி, வாய்க்கு வெகு அருகில் முளைத்திருக்கும். முன்னால் போனவை தரையில் விட்டுச் சென்ற வாசனையை அவற்றால் தொட்டுத் தொட்டுத்தான் லட்சக்கணக்கான எறும்புகள் வழி தவறாமல் போகின்றன. தாடைகள் அரிவாள் போல வளைந்து, நுனி கூர்ந்து, மூடும்போது ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே படியும். அவ்வளவு பெரிய தலை எதற்கு? தாடையை இறுக்கும் தசைதான் அதை அடைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த இறுக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய தம்பியின் காலுறையைப் பார்த்திருக்க வேண்டும். சாரியில் கால் வைத்துவிட்டு, கடித்தவற்றை ஒவ்வொன்றாகப் பிய்த்து எறிந்தான். உடம்பு கையோடு வந்துவிட்டது, தலை மட்டும் துணியில் கவ்வியபடியே நின்றது. சாயங்காலம் துவைத்தும் போகவில்லை. கடைசியில் குறடு வைத்துத் தாடையை உடைத்து எடுத்தான். அவன் தோலில் இரண்டிரண்டு கீறல்கள்தான் இருந்தன, கொட்டிய தடிப்பு ஒன்றுகூட இல்லை. இந்த எறும்பின் ஆயுதம் முன்னால் இருக்கிறது, உங்கள் ஓவியரோ பின்னால் வரைந்துவிட்டார்.

அப்புறம் அந்தக் கால்கள். மண்ணுக்கடியிலேயே வாழும் இதன் உறவினங்களுக்குக் கால் குட்டை. மண்ணுக்கு மேலே வந்து வேட்டையாடும் இவற்றுக்குக் காலும் உணர்கொம்பும் நீளம். இரையையும் தங்கள் கூட்டின் இளம் புழுக்களையும் உடம்புக்கு அடியில், கால்களுக்கு நடுவே தொங்கவிட்டுக்கொண்டு ஓடும். நீளமான கால் இல்லாவிட்டால் அது முடியாது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இடுப்புக் கணு ஒன்றே ஒன்று. வயிற்றின் கடைசி மேல்தகடு தட்டையாகி, சற்றுக் குழிந்து, அதன் ஓரத்தில் சிறு முட்கள் இருக்கும். படத்தில் இது எதுவும் இல்லை. சரி, சிறுவர் பக்கத்துக்கு இதெல்லாம் வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். கண்ணையாவது விட்டிருக்கலாம்.

ஒரே கூட்டில் மூன்று மில்லிமீட்டர் வேலைக்காரியும் உண்டு, அதைப் போல நான்கு மடங்கு நீளமானவளும் உண்டு. எல்லாம் பெண்கள்தான். சாரியின் இரு கரையிலும் தலையைத் தூக்கி, தாடையைத் திறந்து நிற்கும் பெரியவை, படத்தில் 'வீரன்' ஆனவை, அவையும் பெண்களே.

அப்படியானால் ஆண் எங்கே? கட்டுரையில் ஆணைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம், ஏனென்றால் இந்த எறும்பின் அதிசயமே அங்கேதான் இருக்கிறது. ராத்திரி ஷிப்டில் ஆலை விளக்கைச் சுற்றி மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், பழுப்பு நிறத்தில், உடம்பெல்லாம் மெல்லிய ரோமத்துடன், தடித்து நீண்ட வயிற்றைச் சுமந்துகொண்டு இரைச்சலாகப் பறந்து வந்து விழும் பூச்சி ஒன்று உண்டு. இறக்கை உண்டு, பெரிய கூட்டுக்கண்கள் உண்டு, உச்சியில் மூன்று சிறு கண்களும் உண்டு. கொடுக்கு கிடையாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் குளவி என்று துண்டை எடுத்து வீசுவார்கள். அதுதான் அந்தக் கண்ணில்லாத எறும்பின் ஆண். அது வேறொரு கூட்டத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்ததும் வேலைக்கார எறும்புகள் அதன் இறக்கையைப் பிய்த்துவிட்டு ராணியிடம் கொண்டுபோகும்.

குளவி என்று நினைத்ததில் யாரையும் குறை சொல்ல முடியாது. 1764-இல், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸே இப்படி ஓர் ஆண் பூச்சியைப் பார்த்து, குளவி இனத்தில்தான் சேர்த்தார். 1793-இல் பூச்சியியலாளர் ஃபேப்ரிசியஸ் அதற்கு டோரிலஸ் என்று தனிப் பேரினம், அதாவது நெருங்கிய இனங்களுக்கான பொதுப் பெயர், வைத்தார். கண்ணில்லாத வேலைக்கார எறும்புகளுக்கு 1840 வாக்கில் டிஃப்லோபோன், அனோமா என்று வேறு பேரினப் பெயர்கள் வந்தன. 1863-இல் ஜாவாவிலிருந்து கிடைத்த ஒரு ராணிக்கு ஜெர்ஸ்டேக்கர் என்ற விலங்கியலாளர் டிக்தாடியா என்று இன்னொரு பேரினமே உண்டாக்கினார். ஒரே குடும்பத்தின் அண்ணனும் தங்கையும் தாயும் காகிதத்தில் தனித்தனிப் பிராணிகளாக இருந்தார்கள். ஆணும் வேலைக்கார எறும்பும் ஒன்றுதான் என்ற முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தவர் மேற்கு ஆப்பிரிக்காவில் மிஷனரியாகவும் மருத்துவராகவும் இருந்த தாமஸ் சாவேஜ். எறும்புச் சாரிக்குள்ளேயே அந்த ஆண் பூச்சி இருப்பதை அவர் 1849-இல் பதிவு செய்தார். கொரில்லாவை 1847-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் இவரே. கொரில்லாவுக்காக மட்டும் இவரை நினைவில் வைத்திருப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

ராணியை நான் நேரில் பார்த்ததில்லை, அவள் மண்ணுக்குள்ளேயே இருப்பவள். காங்கோ காட்டின் டோரிலஸ் வில்வர்தி என்ற இனத்தில் அவள் ஐந்து சென்டிமீட்டர் வரை இருப்பாள். உலகில் இதைவிடப் பெரிய எறும்பு இப்போது உயிரோடு இல்லை. பிறக்கும்போதே இறக்கை கிடையாது. வயிறு முழுக்க முட்டை உருவாகும் சூற்குழாய்கள். மாதம் முப்பது லட்சம் முட்டைக்கு மேல் இடுவாள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பறக்க முடியாததால் தனியாகப் போய்ப் புதுக் கூடு தொடங்கவும் முடியாது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தால்தான் அவளுக்கு வழி. அவள் உடம்பைப் புரிந்துகொண்டால் அந்தப் படையெடுப்பும் புரிந்துவிடும்: அத்தனை வாய்க்கும் சோறு போட்டாக வேண்டும், ஒரே இடத்தில் இருந்தால் இரை தீர்ந்துவிடும்.

யானை விஷயத்துக்கு வருகிறேன். அவற்றின் இரை பெரும்பாலும் பூச்சி, சிலந்தி, மண்புழு. கூண்டில் அடைத்த கோழி, கட்டிப்போட்ட ஆடு, இவற்றுக்கு ஆபத்து உண்மைதான், ஓட முடியாதே. நடக்கத் தெரிந்த எவரும் விலகிவிடலாம். எங்கள் குடியிருப்புக்குள் அவை நுழைந்தபோது உள்ளூர்ச் சமையற்கார அம்மா பதறவே இல்லை. கோழிக் கூண்டைத் திறந்துவிட்டு, எங்களையெல்லாம் வெளியே கூட்டிப்போய் உட்காரவைத்தார். திரும்பிப் போனபோது அடுக்களையில் ஒரு கரப்பான் மிச்சமில்லை.

இது ஏதோ தூரத்து நாட்டு விஷயம் என்றும் விட வேண்டாம். டோரிலஸ் பேரினம் இந்தியாவிலும் உண்டு. டோரிலஸ் ஓரியன்டாலிஸ் மண்ணுக்குள் இருந்தபடியே உருளைக்கிழங்கையும் நிலக்கடலையையும் துளைப்பது. டோரிலஸ் லேபியேட்டஸின் ஆண் இங்கேயும் இரவில் விளக்குக்கு வரும். உங்கள் பக்கத்தைப் படிக்கும் ஒரு குழந்தை அதைக் குளவி என்று அடிக்காமல், குனிந்து உற்றுப் பார்க்கும்படி எழுத முடியும்.

ஆகையால் என் வேண்டுகோள். வரும் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறிய வேலைக்காரி, பெரிய வேலைக்காரி, ஆண், ராணி என நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து போடுங்கள். பெரிதாக்கவோ சுருக்கவோ தேவையில்லை, நான்கையும் சேர்த்தாலும் பத்து சென்டிமீட்டர்தான். உண்மை அளவிலேயே மூன்று பத்தி அகலத்தில் அடங்கிவிடும். ஓவியருக்கு அளவுகளும் அடையாளங்களும் வேண்டுமென்றால் எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மரத் தரப் பரிசோதகர்,
செங்கோட்டை